‘ரெவரெண்ட்’ என்னும் அடைமொழி

ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் மரியாதைச் சொற்கள் பல உள. அவற்றுள் நம் கலாசாலை அறிக்கைப் பலகையிலும், ஆலயச் சுவர்களில் பதித்த கற்களிலும், விழா அழைப்பிதழ்களிலும் மிகுதியாகக் காணப்படுவது ‘ரெவரெண்ட்’ என்னும் சொல். நாள்தோறும் கண்ணிற்படும் பொருளை மக்கள் உற்று நோக்குவதில்லை. இச்சொல்லுக்கும் அதுவே கதியாயிற்று. “ரெவரெண்ட் வந்துவிட்டாரா?” என்று கேட்கின்றோம், “மேடையில் மூன்று ரெவரெண்டுகள் வீற்றிருந்தனர்” என்று ஆண்டறிக்கையில் எழுதுகின்றோம். இவ்விரண்டு வாக்கியங்களையும் பழைய ஆங்கில இலக்கண ஆசிரியர் ஒருவர் கேட்டால் செவியைப் பொத்திக்கொள்வார். ஏனெனில் அது பெயர்ச்சொல் அன்று; பதவியின் நாமமும் அன்று. அழகிய, நல்ல, பெரிய என்பன போல ஒரு பெயரை அடுத்து நின்று அதனைச் சிறப்பிக்கும் அடைமொழியே அது. “மேடையில் மூன்று அழகியகள் வீற்றிருந்தனர்” என்று தமிழில் யாரேனும் எழுதுவரோ?

அமெரிக்க நாட்டில் இச்சொல் பெயராகவும் விளியாகவும் பேச்சில் வழங்குகின்றது என்பதை நான் அறிவேன். பேச்சு வழக்கு ஆற்று வெள்ளம் போன்றது; அதற்கு அணை கட்ட எழுந்ததன்று இவ்வியாசம். இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால், அதனைத் தாங்குவோர்க்கும் அதனைச் சொல்லுவோர்க்கும் இடையே உள்ள உறவு எத்தகையது என்பது விளங்கும். அவ்வுறவைப் பற்றியதே என் வழக்கு.

இலத்தீன் மொழியில் ‘வெரேரி’ என்பது அஞ்சுதல், அஞ்சி மதித்தல் என்னும் பொருளுடைய வினை. அதனோடு ‘ரெ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘ரெவெரேரி’ ஆயிற்று. அதினின்று பிறந்த ‘ரெவெரெந்துஸ்’ என்பதே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற் புகுந்து ‘ரெவரெண்ட்’ என உருக்கொண்டது. எச்சரிக்கையாயிருத்தலைக் குறிக்கும் ‘வேரி’, ‘அவேர்’ முதலிய ஆங்கிலச் சொற்களும் அதே தொன்மையான வேரினின்று கிளைத்தவை என்பர் மொழிநூலார். ஆகவே இச்சொல்லின் அடியில் கிடப்பது உள்ளத்தில் எழும் ஒருவகை அச்சம். தமிழில் ‘வணங்கு’ என்பதன் அடியில் கிடப்பதோ வளைதல். வணர் என்றால் வளைவு. ஆங்கிலச் சொல் நெஞ்சைப் பார்க்கின்றது, தமிழ்ச் சொல் முதுகைப் பார்க்கின்றது என்று சொல்லலாம். எது எளிதிற் பொய்க்கும் என்பதை வாசிப்போர் தீர்மானிப்பாராக.

அவ்விலத்தீன் சொல்லின் ஈற்றிலுள்ள ‘எந்துஸ்’ என்னும் உறுப்பே இங்குக் கருதத்தக்கது. ஒரு வினையோடு அது சேர்ந்தால் ‘செய்யப்படவேண்டிய’ என்னும் கடமைப் பொருள் தோன்றும். மாணவர் பலர் தாம் அறியாமலே இவ்வுறுப்பை நாள்தோறும் ஆள்கின்றனர். கூட்டத்திற்கு முன் வாசிக்கப்படும் ‘அஜெண்டா’ என்பது செய்யப்படவேண்டியவை, ‘மெமொராண்டம்’ நினைக்கப்படவேண்டியது, ‘லெஜண்ட்’ படிக்கப்படவேண்டியது, பங்குதாரர் கைக்கு வரும் ‘டிவிடெண்ட்’ பகுக்கப்படவேண்டியது. 1622-ஆம் ஆண்டு பதினைந்தாம் கிரகோரியார் உரோமையில் விசுவாசத்தைப் பரப்புதற்கென்று ஒரு சபையை நிறுவினார். அதன் இலத்தீன் பெயரிலுள்ள ‘ப்ரொபகாந்தா’ என்னும் சொல் அன்று ‘பரப்பப்படவேண்டிய’ என்று மட்டுமே பொருள்பட்டது. பிற்காலத்தில் அரசியலார் கையில் அகப்பட்டு அது கெட்ட பெயர் எடுத்தது வேறு கதை. ஷேக்ஸ்பியர் ‘புயல்’ நாடகத்தின் தலைவிக்கு இட்ட ‘மிராண்டா’ என்னும் பெயரும் வியக்கப்படவேண்டியவள் எனப் பொருள்படும்.

வடமொழியிலும் இதற்கு இணையான ஈறுகள் உண்டு. கர்த்தவ்யம் செய்யவேண்டியது, பானீயம் குடிக்கத்தக்கது, வந்தனீயர் வந்திக்கத்தக்கவர், பூஜ்யர் பூஜிக்கத்தக்கவர். இக்கடைசிச் சொல்லின் ஒன்றன்பால் வடிவமாகிய பூஜ்யம் தமிழ் வழக்கிலே சுழியையும் குறிக்கின்றது. அடைமொழிகளைச் சுமந்து திரிவோர் அவ்வப்போது இதனை நினைத்துக்கொள்ளல் நலம். தமிழிலோ ‘பாலது’, ‘பாலர்’ என முடியும் சொற்கள் இப்பொருளைச் செவ்வனே தருகின்றன. ‘ரெவரெண்ட்’ என்பதற்கு நேரான தமிழ் வணங்கற்பாலர் என்பதே. வணங்கக்கூடியவர் என்று சொன்னால் அது ‘வெனரபிள்’ என்பதற்கு இனமாய், முடியுமென்ற அளவில் நின்றுவிடும். ‘ரெவரெண்ட்’ என்பது முடியும் என்று சொல்லவில்லை, வேண்டும் என்கின்றது. கடமை யாருடையது? வணங்குவோனுடையது. வணங்கப்படுவோனுக்கு அதிற் செயலே இல்லை. இலக்கணப்படி அவன் வெறுமனே நிற்கின்றான்.

இதனோடு ஓரெழுத்தால் மாறுபட்டு, மாணவர் விடைத்தாள்களில் ஓயாது குழப்பப்படும் சொல் ‘ரெவரெண்ட்’ என்றே நம் வாயில் ஒலிக்கும் மற்றொன்று. ஆங்கிலத்தில் முன்னையது ‘டி’ எழுத்தில் முடியும். பின்னையது ‘டீ’ எழுத்தில் முடியும். தமிழ் எழுத்திலே இவற்றை வேறுபடுத்த வழியில்லாமையால் பின்னையதை ‘ரெவரெந்த்’ என எழுதுகின்றேன். ரெவரெந்த் என்பது வணங்குகின்றவனைக் குறிக்கும். ரெவரெண்ட் என்பது வணங்கப்படவேண்டியவனைக் குறிக்கும். சீடன் ரெவரெந்த், குரு ரெவரெண்ட். இவ்வேற்றுமைக்கு உதாரணம் தேடி இங்கிலாந்து தேசத்திற்குப் போகவேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூருக்குப் போனாற் போதும்.

ஆவூர், பழைய மதுரை மிஷனின் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வெனான்சியுஸ் புஷே என்னும் பிரெஞ்சுக் குரு அங்கே கோயில் கட்டினார். அக்கோயிலின் ஆண்டு 1547 எனச் சில வழிகாட்டிக் குறிப்புகளில் காணப்படுகின்றது. அது ஏடெழுதினோர் பிழையாதல் வேண்டும். புஷே பிறந்ததே 1655-இல். மதுரையில் தத்துவபோதகர் வந்து சேர்ந்ததே 1606-இல். இன்றுள்ள பெரிய கோயில் 1747-இல் எழுந்தது. உயிர்த்த ஞாயிற்றை ஒட்டி அங்கே பாடுகளின் நாடகமும் தேர்த்திருவிழாவும் நடைபெறுகின்றன. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி ஊழியம் செய்த ஊர்களுள் ஆவூரும் ஒன்று. இத்தாலியாவில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்நாடு வந்து, ஆவூர்க் கோயில் எழுந்த அதே 1747-இல் அவர் மறைந்தார்.

பெஸ்கி எழுதிய பரமார்த்த குருவின் கதையைப் பள்ளிப் பருவத்தில் படித்துச் சிரியாதவர் நம்மில் யாருமிலர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர். குருவின் சொல்லைத் தலைமேற் கொள்வதில் அவர்களை விஞ்சியவர் எவரும் இல்லை. ஆறு தூங்குகின்றதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிப்பர். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று விலைகொடுத்து வாங்குவர். எல்லாம் குருபக்தியின் மிகுதியாலேயே. அவர்கள் ஐவரும் ஐயமின்றி ரெவரெந்த். அவர்களுடைய குருவோ எவ்வாற்றானும் ரெவரெண்ட் அல்லர். வணங்குவோர் மிகுதியாக இருப்பதனாலேயே வணக்கத்துக்குரியவர் ஒருவர் அங்கே இருக்கின்றார் என்று முடிவு செய்யலாகாது என்பதை, தாமே ஒரு குருவாயிருந்தவர் இவ்வளவு கூசாமல் எழுதிவைத்தது வியக்கத்தக்கது. தமிழ் கற்கும் மேனாட்டாருக்குப் பாடமாகவும் அக்கதை பயன்பட்டது. 1822-இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. ஆவூர் வட்டாரத்தில் பாதம் தேய நடந்த அக்குருமார் தமக்கு இட்டுக்கொண்ட பெயர்களையும் கவனிக்கவேண்டும். புஷே, பெரிய சஞ்சீவிநாதர். பெஸ்கி, முதலில் தைரியநாதர். கொன்ஸ்தாந்தீன் என்பதற்கு நிலைபெயராதவன் என்று பொருள், அதனையே தமிழ்ப்படுத்திக்கொண்டார். மாமுனிவர் என்ற பெருமை பின்னர்த் தமிழறிஞர் வாயினின்று வந்தது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு கண்கூடு: முன்னையது அவர் தேர்ந்தது, பின்னையது பிறர் தந்தது.

நிற்க. ஆங்கில வழக்கிற்கு வருவோம். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் இச்சொல் ஆங்கிலத்திற் காணப்படுகின்றது. தொடக்கத்தில் குருமாருக்கென்று அது ஒதுக்கப்படவில்லை. முதியோர், நீதிபதிகள், மன்றத்தார் யாவரும் அவ்வடைமொழியைப் பெற்றனர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ வெனிஸ் நகர மன்றத்தார் முன் நின்று பேசும்போது அவர்களை விளிக்கும் அடைமொழிகளுள் இதுவும் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டிலேதான் குருமாரின் பெயருக்கு முன் இது வழக்கமாக ஏறியது. ஏறிய பின்னரும் அடைமொழியின் இயல்பை விடவில்லை. ஆதலின் ‘தி’ என்னும் சுட்டு முன்னும், ஞானஸ்நானப் பெயரோ ‘மிஸ்டர்’ என்பதோ பின்னும் வரவேண்டுமென்பது விதி. ‘தி ரெவரெண்ட் ஜார்ஜ் போப்’ என்பது சரி. ‘ரெவரெண்ட் போப்’ என்பது செம்மையான வழக்கன்று. நேரே விளிக்கும்போது ‘மிஸ்டர் போப்’, ‘டாக்டர் போப்’ என்றே சொல்லுதல் வேண்டும். 1820-இல் பிறந்து 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த அப்பெரியாரை நம் முன்னோர் போப்பையர் என்றனர். அதில் இலக்கணக் குற்றமும் இல்லை, அன்புக் குறைவும் இல்லை.

இவ்வடைமொழிக்கு மேலும் அடை கூட்டுவது ஆங்கிலேயத் திருச்சபை மரபு. தீனுக்கு ‘வெரி’, அத்தியட்சருக்கு ‘ரைட்’, பிரதம அத்தியட்சருக்கு ‘மோஸ்ட்’. ‘ரைட்’ என்பதற்கு வலப்பக்கம் என்றோ சரியானது என்றோ பொருளன்று. மிக என்னும் பொருளில் வழங்கிய பழைய வினையடை அது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் அப்போது வெறும் ரெவரெண்ட். 1877-இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபின் ரைட் ரெவரெண்ட். எந்த நூலால் அவர் நமக்கு வணங்கற்பாலர் ஆயினாரோ அந்நூல் இருபத்தோராண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. ‘மிக’ என்ற அடை சற்றுத் தாமதித்தே வந்தது.

இனி, இச்சொல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. இதனை இங்கிலாந்தில் ஒரு கல்லறைக் கல் எழுப்பியது. லிங்கன் சீமையைச் சேர்ந்த ஓஸ்டன் ஃபெர்ரி என்னும் ஊரில் கீட் என்ற வெஸ்லியன் சபைப் போதகரின் மகள் இறந்தாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவளுக்குக் கல் நாட்ட விரும்பிய தந்தை, தம்மை ‘ரெவரெண்ட்’ என்று அதில் குறிக்க எண்ணினார். அத்தோட்டம் ஆங்கிலேயத் திருச்சபைக் குருவின் பொறுப்பில் இருந்தது. வெஸ்லியன் போதகருக்கு அவ்வடைமொழி ஆகாது என்று அவர் தடுத்தார். மறைமாவட்ட நீதிமன்றம் குருவின் பக்கம் தீர்ப்பளித்தது, மேல்மன்றமும் அவ்வாறே. வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. நம் நாட்டு வழக்குகளுக்கும் அக்காலத்தில் கடைசிப் படி அதுவே. 1876-இல் அம்மன்றத்தார், ‘ரெவரெண்ட்’ என்பது சட்டம் தரும் பட்டமன்று, ஒரு சபையாரின் தனிச்சொத்தும் அன்று, மரியாதை பற்றி வழங்கும் புகழ் அடைமொழியே என்று கண்டு கீட்டின் பக்கம் தீர்ப்பளித்தனர். மகளை இழந்த ஒரு தந்தை ஒரு சொல்லுக்காக மூன்று மன்றங்களின் படி ஏறவேண்டியிருந்தது என்பதை நினைக்குந்தோறும் மனம் வருந்துகின்றது. ஒரு சொல்லின் இலக்கணத்தைப் பற்றி எழுதுவது வீண் வேலை என்று எண்ணும் நண்பர்கள் இவ்வழக்கைச் சற்றே சிந்திப்பாராக. அது அடைமொழி என்பதை அக்குரு முதலிலேயே உணர்ந்திருந்தால் கல் அன்றே நாட்டப்பட்டிருக்கும்.

வேறு ஒரு கட்சியும் உண்டு. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் ‘ரெவரெண்ட்’ என்னும் சொல் ஒரே ஓர் இடத்தில், நூற்றுப் பதினோராம் சங்கீதத்தில் வருகின்றது. அங்கும் மனிதர் எவரையும் பற்றியன்று, தேவனுடைய நாமத்தைப் பற்றி வருகின்றது. ஆகவே மானிடர் அதனைச் சூடிக்கொள்வது தகாது என்று வாதித்தோர் இருந்தனர். குவேக்கர் என்னும் நண்பர் சபையார் இத்தகைய அடைமொழிகள் அனைத்தையும் துறந்தனர். அவ்வளவு தூரம் செல்ல என் மனம் ஒருப்படவில்லை. அன்புடையோர் ஒருவரை உயர்த்திப் பேசுவது மனித இயல்பு; தமிழ்மொழியோ ஒருவரைப் பலராகச் சொல்லும் உயர்வுப் பன்மையைத் தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கின்றது. ‘அவன்’ என்பதை ‘அவர்’ ஆக்க நாம் எந்த மன்றத்தையும் கேட்பதில்லை.

தமிழில் இவ்வடைமொழி பட்ட பாடு தனியே ஒரு நூலாகும். ‘பாதிரி’ என்பது போர்த்துக்கேசியர் தந்த ‘பாத்ரே’. தந்தை என்று பொருள். பிற்காலத்தில் அதனைச் சிலர் இகழ்ச்சிக் குறிப்போடு வழங்கவே, ‘ஆர்’ விகுதி கூட்டிப் பாதிரியார் ஆக்கினர். கத்தோலிக்கர் சுவாமியார் என்றும், சங்கைபோந்த சுவாமியார் என்றும் எழுதினர். சங்கை என்பதற்கு மதிப்பு என்றும் பொருளுண்டு, ஐயம் என்றும் பொருளுண்டு. புதிதாகத் தமிழ் படிப்போன் ஒருவன் சங்கைக்குரியவர் என்பதைச் சந்தேகத்துக்குரியவர் எனக் கொண்டால் அவனைக் கோபித்தல் முறையன்று. சீர்திருத்த சபையார் ‘கனம்’ என்றனர். ஒரு காலத்தில் மந்திரிமாருக்கும் அதே கனந்தான். மாண்புமிகு என்பது அக்கனத்தை இறக்கிவிட்டு வந்த சொல். அர்ச்சியசிஷ்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை: கத்தோலிக்கர் பரிசுத்தவான்களின் பெயருக்கு முன் ‘அர்ச்.’ என நெடுங்காலம் எழுதிவந்தனர். ‘அர்ச்ய’ என்னும் வடசொல்லுக்கு அர்ச்சிக்கப்படவேண்டிய என்று பொருள். உறுப்புக்கு உறுப்பு நேராக ‘ரெவெரெந்துஸ்’ என்பதன் பிரதி இதுவே! இதனை ஆக்கியோர் இலத்தீனையும் வடமொழியையும் ஒருங்கே கற்றவர் என்பது என் துணிபு. இன்று அச்சொல் ஏறத்தாழ மறைந்து, ‘புனித’ என்பது அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. எளிமை வந்தது, இலக்கண நயம் போயிற்று.

இலங்கைத் தமிழர் ‘வண.’ என்று சுருக்கி, கிறிஸ்தவக் குருமாருக்கும் பௌத்த பிக்குகளுக்கும் ஒருங்கே வழங்குகின்றனர். 1876-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அவர்கள் அறியாமலே நிறைவேற்றியவராவர். சென்னையில் வணக்கத்துக்குரிய என்பது மாநகராட்சி மேயருக்கு அடையாக நிற்கின்றது. அது ‘வர்ஷிப்புல்’ என்பதன் மொழிபெயர்ப்பு. அண்மைக் காலத்தில் பெருகியுள்ளவை அருள்திரு, அருட்தந்தை என்பன. இவற்றைப் பார்க்கும் புலவர்க்கு உள்ளம் நோவும். அருள் என்பதனோடு திரு சேர்ந்தால் அருட்டிரு ஆகவேண்டும். தந்தை சேர்ந்தால் அருட்டந்தை. பாதியில் புணர்ந்து பாதியில் நிற்கும் அருட்தந்தை எந்த நன்னூலுக்கும் அடங்காது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு: தந்தை என்பது பெயர், அடையன்று. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்டிரும் குருப்பட்டம் பெற்று ஊழியம் செய்யும் இந்நாளில், ‘ரெவரெண்ட்’ என்னும் அடைமொழி இருபாலார்க்கும் தடையின்றிப் பொருந்துகின்றது. ஐயர், தந்தை என்னும் பெயர்களோ திகைத்து நிற்கின்றன.

சொல் ஆராய்ச்சி இம்மட்டில் அமைக. இவ்வடைமொழியை நாம் எவ்வாறு பங்கிடுகின்றோம் என்பதே என் நெஞ்சை உறுத்துவது. மதுரை மிஷனில் ஒரு காலத்தில் ஒரே குருத்துவத்தைப் பெற்றவர்கள் இருவகையாய்ப் பிரிந்து வாழ்ந்தனர். ஒருவகையார் பிராமண சந்நியாசிக் கோலம் பூண்டு மேற்சாதியாரிடையே ஊழியம் செய்தனர். மற்றொரு வகையார் பண்டாரசுவாமிகள் என்ற பெயரோடு ஏனையோரிடையே சென்றனர். காலத்தின் கொடுமையை எதிர்க்க அவர்கள் கண்ட உபாயம் அது என்பாருமுளர். அவர்கள் பட்ட வெயிலையும் பசியையும் நான் குறைத்துப் பேசேன். ஆயினும் குருவுக்கு இடும் அடைமொழி, அவர் முன் நிற்போரின் சாதியால் அளக்கப்பட்டது என்பதை மறைத்தல் ஆகாது. வணங்கற்பாலர் என்னும் சொல் வணங்குவோனின் கடமையைக் குறிப்பது என்று மேலே கூறினேன். அவ்வாறாயின் வணங்குவோனையே தரம் பிரித்த பின் அச்சொல்லில் எஞ்சுவது யாது?

இன்னும் ஒன்று. ஆவூர் போன்ற இடங்களில் குருமார் ஓரிருவரே, ஊர்களோ பல. மாதங்கள் பல குருவின் முகத்தைக் காணாத சிற்றூர்களில் செபம் சொல்லிக்கொடுத்தும், குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தும், சாவோர் அருகில் இருந்தும் சபையைக் காத்தவர் உபதேசிமார். அவர்கள் பெயருக்கு முன் எந்த அடைமொழியும் இல்லை. பலருடைய பெயரே நமக்கு எஞ்சவில்லை. பெஸ்கி அவர்களுக்கென்று ஒரு நூல் எழுதினார்; அதற்கு இட்ட பெயர் வேதியர் ஒழுக்கம். தமிழ் வழக்கில் வேதியர் என்றால் அந்தணர். அப்பெயரை எடுத்து, குருப்பட்டமற்ற உபதேசியார் தலையில் அவர் வைத்தார். வேதம் ஓதுவிப்பவன் வேதியன் என்ற பொருள் பற்றி வைத்தாரோ, பெருமைப்படுத்த வைத்தாரோ, விளைவு ஒன்றே. இருநூற்றாண்டுகளுக்கும் மேல் ஆன பின்னரும் நம் அழைப்பிதழ்களில் அத்துணைத் துணிவு காணோம். தரங்கம்பாடியில் 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்த சபையில் தமிழர் ஒருவர் அந்நிலை எய்தியது அதுவே முதன்முறை. அத்தியட்சர் நிலைக்கு அசரியா 1912-இல் உயர்ந்தார். கத்தோலிக்க சபையில் திபூர்சியுஸ் ரோச் 1923-இல் தூத்துக்குடி ஆயரானார். ‘ரெவரெண்ட்’ என்பதிலிருந்து ‘ரைட் ரெவரெண்ட்’ என்பதற்கு ஏற நம்மவர்க்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் சென்றன. உபதேசியார்க்கு அவ்வேணியே இல்லை.

அன்பர் சிலர் எதிர்த்துக் கேட்கலாம்: அடைமொழியை எல்லாருக்கும் இட்டால் அது மலிந்துபோகாதோ? குருப்பட்டத்தின் அடையாளம் கெடாதோ? குருப்பட்டத்தைக் குறிக்கக் குரு, ஆயர், போதகர் என்னும் பெயர்ச்சொற்கள் நன்றாகவே உள்ளன. பதவியைச் சொல்வது அவற்றின் வேலை. 1967-இல் அமைந்த அண்ணாதுரை அமைச்சரவை ஸ்ரீ, ஸ்ரீமதி என்பவற்றின் இடத்தில் திரு, திருமதி என்பவற்றை அரசு வழக்கில் நிறுத்தியது. எல்லார் பெயரிலும் ஏறியதனால் ‘திரு’ மலிந்துபோயிற்று என்று எவரும் அழவில்லை. நம் அரசமைப்பின் பதினெட்டாம் பிரிவும் பட்டங்களை ஒழித்திருக்கின்றது. புகழ் அடைமொழியை ஒழிக்க அதற்கும் மனமில்லை.

ஆதலின் இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவுக்கு என் விண்ணப்பம் இது. ஆங்கிலப் பகுதியில் இச்சொல்லை எழுதும்போது சுட்டோடும் முழுப் பெயரோடும் எழுதுக. தனித்து நின்று பெயராக ஆடவிடாதொழிக. தமிழ்ப் பகுதியில் ‘ரெவ.’ என்ற அரைச்சொல்லை விட்டு, ஒரு கட்டுரையில் ஒருமுறை வணக்கத்துக்குரிய என முழுதாக எழுதுக. பின் வருமிடங்களில் பெயரும் ‘அவர்’ என்னும் உயர்வுப் பன்மையும் போதும். இறந்தோர் நினைவுக் குறிப்புகளில் ஆசிரியர், உபதேசியார், விடுதிச் சமையற்காரர் எவராயினும், எழுதுவோர் உள்ளம் அவ்வடைமொழியை வேண்டுமாயின், அச்சுக்கோப்பவர் அதனை நீக்காதிருக்க. ஆலயக் கற்களில் குருமார் பெயருக்குக் கீழே அக்காலத்து உபதேசியாரின் பெயரும் இடம்பெறுமாறு செய்யக்கூடியவர்கள் நம் பழைய மாணவரில் பலர் உளர். பங்குக் கணக்கேடுகளில் அப்பெயர்கள் கிடைக்குமிடத்துத் தேடி எடுத்து எழுதி அனுப்பினால் அடுத்த ஆண்டிதழில் அவற்றிற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குவது அரிதன்று.